ஸ்போர்ட்டி மிட்-சைஸ் ஸ்கூட்டர்: எதைப் பார்த்து வாங்குவது, எந்த வரிசையில் மாற்றுவது

கேள்வி: 300 சிசி அளவில் ஒரு ஸ்போர்ட்டி ஸ்கூட்டர் வாங்கப் போகிறேன். தினசரி நகர ஓட்டம், வார இறுதியில் நெடுஞ்சாலை. வாங்கிய கையோடு வேரியேட்டரையும் சைலன்சரையும் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். எந்த மாடலை எடுப்பது, எதிலிருந்து தொடங்குவது?

பதில்: சைலன்சரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வேரியேட்டரை (வேகத்துக்கேற்பப் பெல்ட்டை ஏற்றி இறக்கிக் கியர் விகிதத்தை மாற்றும் முன் புல்லி) நடுவில் வையுங்கள். டயர், ஷாக், பிரேக் மூன்றும் முதலில் வரட்டும். பணத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லும் யோசனை இல்லை இது. ஸ்கூட்டரின் அமைப்பே இந்த வரிசையைத்தான் கேட்கிறது.

மோட்டார் சைக்கிளில் என்ஜின் சேசிஸோடு இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். பின்சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடுவது ஸ்விங் ஆர்ம் மட்டும். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் அப்படி இல்லை. என்ஜின், பெல்ட் கேஸ், பின் கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து, அந்தக் கட்டே ஸ்விங் ஆர்மாக வேலை செய்கிறது. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த எடையில் பெரும்பகுதியும் கூடவே அசைகிறது. ஷாக் அடக்க வேண்டிய எடை அவ்வளவு அதிகம் என்பதால்தான் கூர்மையான மேட்டில் ஸ்கூட்டரின் பின்பக்கம் உதைக்கிறது. வளைவின் நடுவே ரோடு சரியில்லை என்றால் வண்டி கோட்டை விட்டு விலகுவதும் இதனால்தான். என்ஜினில் இரண்டு பிஎஸ் (குதிரைசக்தி) கூட்டினால் இந்தக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

சிசியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓட்டுபவரையும் சேர்த்து ஒரு பிஎஸ்ஸுக்கு எத்தனை கிலோ என்று கணக்குப் போடுங்கள். யமஹா ஏராக்ஸ் 155 சுமார் 126 கிலோ, 15 பிஎஸ். 75 கிலோ ஆள் ஏறினால் ஒரு பிஎஸ்ஸுக்கு 13 கிலோவுக்கு மேல். ஹோண்டா ஃபோர்ஸா 350 சுமார் 184 கிலோ, 29 பிஎஸ். அதே ஆளுடன் 9 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. யமஹா டிமேக்ஸ் 560 சுமார் 220 கிலோ, 47 பிஎஸ்ஸுக்கு மேல். 6 கிலோ சொச்சம். நகரத்தில் 60 கி.மீ. வேகத்துக்குள் ஏராக்ஸும் ஃபோர்ஸாவும் உணர்வில் அவ்வளவு தூரம் விலகி நிற்காது, ஏனென்றால் நெரிசலில் எடை குறைந்த வண்டிக்கு அதற்கே உரிய சுறுசுறுப்பு உண்டு. 90-ஐத் தாண்டிய பிறகு, பின்னால் ஒருவரும் உட்கார்ந்திருக்கும்போதுதான் 300 சிசியின் அருமை தெரியும். உங்கள் நெடுஞ்சாலை ஓட்டம் மாதத்தில் ஒரு நாள்தான் என்றால் 155 சிசி வண்டியே போதும் என்பது என் கருத்து.

உங்கள் தேவைக்கு நேராகப் பொருந்துபவை யமஹா எக்ஸ்மேக்ஸ் 300, ஹோண்டா ஃபோர்ஸா 350, அதே என்ஜினுடன் வரும் ஹோண்டா ஏடிவி 350, பிஎம்டபிள்யூ சி 400 எக்ஸ் ஆகியவை. எக்ஸ்மேக்ஸ் 292 சிசி, 28 பிஎஸ். உச்ச சக்தி 7,250 ஆர்பிஎம்மில். ஃபோர்ஸா 330 சிசி, 29 பிஎஸ். உச்சம் 7,500-இல், ஆனால் டார்க்கின் உச்சம் 5,250-லேயே வந்துவிடும். எக்ஸ்மேக்ஸில் டார்க் உச்சம் 5,750. ஆக்சிலேட்டரைப் பாதி திறந்து ஓட்டுகிறவருக்கு ஃபோர்ஸா இதமாக இருக்கும். எக்ஸ்மேக்ஸின் பலம் முன்பக்கத்தில் இருக்கிறது. அதன் ஃபோர்க் மோட்டார் சைக்கிளைப் போல மேலும் கீழும் இரண்டு கிளாம்ப்களால் பிடிக்கப்பட்டிருக்கிறது. சாதாரண ஸ்கூட்டர் ஃபோர்க் கீழ் கிளாம்ப்போடு நின்றுவிடும்; கடும் பிரேக்கில் அது முறுக்கிக்கொள்வதை ஹேண்டில் பாரில் உணரலாம். ஏடிவி 350-இல் தலைகீழ் ஃபோர்க் வருகிறது, மோசமான சாலைக்கு நல்ல தேர்வு. பெயரில் 400 இருந்தாலும் சி 400 எக்ஸின் என்ஜின் 350 சிசிதான். ஆனால் 34 பிஎஸ், இந்தக் கூட்டத்தில் அதிகம்.

சக்கர அளவைக் கட்டாயம் பாருங்கள். எக்ஸ்மேக்ஸ், ஃபோர்ஸா இரண்டிலும் முன்னால் 15 இஞ்ச், பின்னால் 14. வெஸ்பா ஜிடிஎஸ் 300 ஓட்ட அருமையான வண்டி, ஆனால் 12 இஞ்ச் சக்கரம். நகரத்தில் சட்டென்று திரும்பும், வேகத்தில் குழியில் விழுந்தால் அதிர்ச்சி முழுதாக மேலே வரும். பியாஜியோ பெவர்லி 400-இல் முன்னால் 16 இஞ்ச். சாலை மோசமாக இருக்க இருக்கப் பெரிய சக்கரம் நல்லது.

சமதளமான கால் பலகை வேண்டும், அதில் சாமான் வைக்க வேண்டும் என்றால் ஸ்போர்ட்டி வகையை மறந்துவிடுங்கள். இவ்வகை வண்டிகளில் நடுவே எழும்பி நிற்கும் திட்டு அலங்காரம் இல்லை. சேசிஸ் குழாய்கள் அதன் வழியாகத்தான் ஓடுகின்றன, பல மாடல்களில் பெட்ரோல் டேங்கும் அங்கேதான். வளைவில் வண்டி உறுதியாக நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

டிமேக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. 2001-இல் 499 சிசி இரட்டை சிலிண்டருடன் வந்தபோதே அதன் என்ஜின் மோட்டார் சைக்கிள் போலச் சேசிஸில் பூட்டப்பட்டு, ஸ்விங் ஆர்ம் தனியாக இருந்தது. மேலே சொன்ன உதைக்கும் பிரச்சினை அதில் மிகக் குறைவு. ஓட்டத்தில் மோட்டார் சைக்கிளின் நிதானம்தான் உங்கள் இலக்கு என்றால், 300 சிசி வண்டியை வாங்கி மாற்றிக்கொண்டே போவதைவிடப் பழைய டிமேக்ஸ் ஒன்றைத் தேடுவது நேர்வழி.

டயர்

புது வண்டியோடு வரும் டயர் பெரும்பாலும் நீண்ட ஆயுளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது தேய்ந்ததும் நல்ல ஸ்கூட்டர் டயருக்கு மாறுங்கள். மழையில் அதிகம் ஓட்டுபவருக்கு மிஷலின் சிட்டி கிரிப் 2 போன்றது. உலர்ந்த சாலையில் சாய்த்து ஓட்டுபவருக்குப் பிரெல்லி டயப்லோ ரோஸோ ஸ்கூட்டர் போன்றது. இரண்டு சக்கரத்துக்கும் ஒரே வகையைப் போடுங்கள்.

அகலம் கூட்டும் ஆசைதான் இங்கே வரும் பெரிய தவறு. கணக்கைப் பாருங்கள். முன்னால் உள்ள 120/70-15 (அகலம் மி.மீ.-இல், பக்கவாட்டு உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் இஞ்ச்) டயரின் வெளிவிட்டம் சுமார் 549 மி.மீ. பின்னால் உள்ள 140/70-14 சுமார் 552 மி.மீ. ரிம் அளவு வேறாக இருந்தாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றும்படிதான் தயாரிப்பாளர் அமைத்திருக்கிறார். ஏபிஎஸ்ஸும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் முன், பின் சக்கர வேகங்களை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கின்றன. பின்னால் 150/70-14 போட்டால் விட்டம் 566 மி.மீ. அளவுக்கு, அதாவது இரண்டரை சதவீதம் கூடுகிறது. மின்னணுக் கணிப்பில் அந்த அளவுக்குப் பிழை சேரும். கியர் விகிதம் அதே அளவு நீண்டு பிக்கப் குறையும். டயர் இரு பக்கமும் 5 மி.மீ. நகர்ந்து பெல்ட் கேஸுக்கோ மட்கார்டுக்கோ நெருக்கமாகும். போதாததற்கு ரிம் அகலம் மாறாததால் அகல டயர் உள்நோக்கி இழுக்கப்பட்டு அதன் முகடு கூர்மையாகும். நேராகப் போகும்போது தரையைத் தொடும் பரப்பு நீங்கள் எதிர்பார்த்தபடி கூடாது. அளவை மாற்றாதீர்கள், ரப்பரின் தரத்தை மாற்றுங்கள்.

காற்றழுத்தத்தை வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டும் பாருங்கள், ஸ்டிக்கரில் உள்ள எண்ணையே வையுங்கள். "வளைவில் பின்பக்கம் தளர்வாக இருக்கிறது" என்ற புகார்களில் நிறைய இங்கேயே தீர்ந்துவிடும்.

ஷாக், ஃபோர்க்

புது ஷாக் வாங்கும் முன் இருப்பதைச் சரியாக அமைத்துப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்பக்கத்தை லேசாகக் கீழே அழுத்தி, பின்சக்கரம் காற்றில் தொங்குவதை உறுதி செய்யுங்கள். பின் அச்சின் மையத்திலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு புள்ளியை டேப்பால் குறித்துத் தூரத்தை அளவெடுங்கள். பிறகு ஸ்டாண்டிலிருந்து இறக்கி, வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது ஒரு அளவு. நீங்கள் ஹெல்மெட், ஜாக்கெட்டோடு உட்கார்ந்து இரண்டு கால்களையும் மேலே வைத்திருக்கும்போது இன்னொரு அளவு. ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் அளக்க வேண்டும். முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த அசைவில் ஏறக்குறைய முப்பது சதவீதம் இருக்க வேண்டும். பின்சக்கர அசைவு 90 மி.மீ. என்றால் 27 மி.மீ. அளவில். வண்டியின் சொந்த எடைக்கு மட்டும் 5 முதல் 10 மி.மீ. இறங்க வேண்டும். அந்த இரண்டாவது எண் பூஜ்யம் என்றால் ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள்; பள்ளத்துக்குள் சக்கரம் இறங்க இடமே இருக்காது.

பின்பக்கம் உதைத்தால் பலரும் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை, கூட்டுவார்கள். அது நிலைமையை மோசமாக்கும். உதைப்பது சக்கரக் கட்டின் எடை திரும்பி எழும் வேகத்தால். அதை அடக்குவது ரீபவுண்ட் டேம்பிங் (அழுந்திய ஷாக் திரும்ப நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), ஸ்பிரிங் இல்லை. எனவே புது ஷாக் வாங்கினால் ரீபவுண்ட் திருகு உள்ளதைத்தான் வாங்க வேண்டும். தங்க நிற வாயு டப்பா தொங்குகிறதா என்பது இரண்டாம் பட்சம். ஓலின்ஸ், பிட்டுபோ, ஒய்எஸ்எஸ் போன்றவர்கள் ஸ்கூட்டருக்கென்றே செய்கிறார்கள். உங்கள் எடையைச் சொல்லி அதற்கேற்ற ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஷாக்கிலும் ஒரே எண்ணிக்கையில் கிளிக் வையுங்கள். நீளத்தைக் கூட்டாதீர்கள். 10 மி.மீ. உயரம் கூடினாலே ஸ்டியரிங் கோணம் செங்குத்தாகி வேகத்தில் பதற்றம் வரும். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினால் பின்சக்கரம் தரையைத் தொடத் தொடங்கும். குட்டையான ஷாக் போட்டு வண்டியின் உயரத்தைக் குறைத்தால் சைடு ஸ்டாண்டு அதற்கு நீளமாகி வண்டி நிமிர்ந்து நிற்கும், லேசாகத் தட்டினாலே மறுபக்கம் சாயும்.

முன் ஃபோர்க்குக்குப் பெரும்பாலும் எண்ணெயே போதும். பழைய எண்ணெயை முழுக்க வடித்து, கையேட்டில் உள்ள தரத்தில் புதிதாக ஊற்றி, எண்ணெய் மட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து வைக்க வேண்டும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுதாக அழுத்திய நிலையில் எடுக்கும் அளவு அது. பிரேக்கில் அதிகம் குனிகிறது என்றால் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்துங்கள். உள்ளே காற்று இடம் குறைந்து அசைவின் கடைசிப் பகுதி மட்டும் கெட்டியாகும், தொடக்கத்தின் மென்மை கெடாது. கெட்டியான எண்ணெயை ஊற்றினால் சின்ன மேடு எல்லாம் கைக்கு வரும்.

பிரேக்

இந்த அளவு வண்டிகளில் டிஸ்கை மாற்றத் தேவையில்லை. எஃகு வலை சுற்றிய ஹோஸ், நல்ல பேட், புது டாட் 4 ஃப்ளூயிட் மூன்றும் சேர்ந்தால் லீவரின் உணர்வே மாறிவிடும். ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சும்; ஓட்டம் குறைவாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிகான், அதை இதில் ஊற்றக் கூடாது. ஹோஸ் மாற்றும்போது இணைப்பு போல்ட்டின் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் சில மாடல்களில் சர்வீஸ் கருவி இல்லாமல் வெளியேற்ற முடியாது. மாஸ்டர் சிலிண்டர் டப்பா வற்ற விடாமல் வேலை செய்யுங்கள். புது பேட் போட்டதும் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், பத்துப் பதினைந்து முறை மிதமாகப் பிடித்துப் பழக்குங்கள்.

வேரியேட்டர்

இங்கேதான் நிதானம் தேவை. செலவு குறைவு, பலன் அதிகம். தவறாகச் செய்தால் கிராங்க் ஷாஃப்ட்டே போய்விடும்.

முன் புல்லியில் உள்ள ரோலர்கள், சுழலும் வேகத்தில் வெளியே ஓடி, புல்லியை நெருக்கி, பெல்ட்டை மேலே ஏற்றுகின்றன. பின் புல்லியில் உள்ள கான்ட்ரா ஸ்பிரிங் அதை எதிர்த்துத் தள்ளுகிறது. இந்த இழுபறிதான் என்ஜின் எந்த ஆர்பிஎம்மில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ரோலரின் விசை எடையைப் பொறுத்து நேராகவும், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் கூடும். ஆகவே ரோலர் எடையைப் பத்து சதவீதம் குறைத்தால் ஆர்பிஎம் ஐந்து சதவீதம்தான் ஏறும். 18 கிராம் ரோலருடன் 6,500-இல் நிற்கும் என்ஜின் 16.5 கிராமில் சுமார் 6,800-இல் நிற்கும். "லேசாகப் போடு, பறக்கும்" என்று எடையைப் பாதியாகக் குறைப்பவர்களுக்குக் கிடைப்பது கத்தும் என்ஜினும் செத்த டாப் ஸ்பீடும்தான்.

இலக்கு என்ன? ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து 30-லிருந்து 80 கி.மீ. வரை போகும்போது ஆர்பிஎம் முள் உச்ச சக்தி ஆர்பிஎம்மை ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். எக்ஸ்மேக்ஸுக்கு 7,250 பக்கம், ஃபோர்ஸாவுக்கு 7,500 பக்கம். அதற்குக் கீழே நின்றால் ரோலர் கனம். அதைத் தாண்டிக் கத்தினால் ரோலர் லேசு. தயாரிப்பாளர் வேண்டுமென்றே கொஞ்சம் கீழே வைத்திருப்பார், சத்தத்துக்கும் மைலேஜுக்கும். அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய லாபம்; அதற்கு மேல் இல்லை. ஏராக்ஸ், என்மேக்ஸ் 155 போன்றவற்றில் 6,000 ஆர்பிஎம்மில் வால்வ் கேம் மாறும். முள் அந்த எல்லையிலேயே ஊசலாடாமல் அதற்கு நன்றாக மேலே நிற்கும்படி ரோலரை அமையுங்கள்.

இதைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. முன் புல்லியின் உள்முகத்தில் மையத்திலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். மூடி, டாப் ஸ்பீடு வரை பாதுகாப்பான இடத்தில் ஒரு ஓட்டம். திறந்தால் பெல்ட் ஏறிய உயரம் வரை மை அழிந்திருக்கும். விளிம்பில் நாலைந்து மி.மீ. மை மிச்சம் இருந்தால் பெல்ட் முழுதாக ஏறவில்லை: ரோலர் அளவுக்கு மீறி லேசு, அல்லது கான்ட்ரா ஸ்பிரிங் அளவுக்கு மீறிக் கெட்டி, அல்லது பெல்ட் தேய்ந்து ஒடுங்கிவிட்டது. தேய்ந்த பெல்ட்டோடு டியூனிங் செய்வது வீண். முதலில் பெல்ட்டின் அகலத்தைக் காலிப்பரால் அளந்து கையேட்டின் வரம்போடு ஒப்பிடுங்கள்.

ஒரு முறை ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரோலர், கான்ட்ரா ஸ்பிரிங், கிளட்ச் ஸ்பிரிங் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தொடங்க வேண்டியது ரோலரில்தான். புது ரோலர்களை 0.1 கிராம் காட்டும் தராசில் ஒவ்வொன்றாக நிறுங்கள். மலிவான செட்டில் ஒரே பாக்கெட்டுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும். கான்ட்ரா ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால், ஆக்சிலேட்டரை மூடித் திறக்கும்போது கீழ் விகிதத்துக்கு வேகமாகத் திரும்பும். வளைவிலிருந்து வெளியே வரும்போது இது இனிமை. விலையாகப் பெல்ட் சூடாகும், ஆயுள் குறையும். பெல்ட் வழுக்காத அளவுக்கு மட்டுமே கெட்டி போதும். கெட்டியான கிளட்ச் ஸ்பிரிங் நெரிசலில் ஓட்டுபவருக்கு வேண்டாம். கிளட்ச் பிடிக்கும் ஆர்பிஎம் மேலே போவதால், ஊர்ந்து போகும் ஒவ்வொரு முறையும் ஷூ நீண்ட நேரம் உரசும். கிளட்ச் பெல் (ஷூ உரசிப் பிடிக்கும் வெளிக் கிண்ணம்) சூட்டில் நீலம் பாயும், பிறகு கிளம்பும்போதெல்லாம் உதறல்.

மலோஸி, பொலினி, ஜே.கோஸ்டா ஆகியோர் செய்யும் முழு வேரியேட்டர்களில் ரோலர் ஓடும் சரிவின் வளைவே வேறு. ரோலர் மாற்றியும் நடுவேகத்தில் முள் சரிந்து எழுகிறது என்றால் மட்டும் அந்தச் செலவுக்குப் போங்கள்.

பூட்டும்போது நடக்கும் பெரிய விபத்து இது. பெல்ட், கிராங்க் முனையில் புல்லியின் நடுவே உள்ள குழாய் போன்ற புஷ்ஷின் முனையில் ஏறி, வெளிப் புல்லிக்கும் புஷ்ஷுக்கும் இடையே மாட்டிக்கொள்ளும். நட்டை முடுக்கினால் இறுகியது போலவே தோன்றும், டார்க் ரெஞ்சும் கிளிக் செய்யும். வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் பெல்ட் நகர்ந்து, நட்டு தளர்ந்து, புல்லி ஆடி, கிராங்க் முனையின் பற்களை வழித்துவிடும். தவிர்க்க, பின் புல்லியின் இரண்டு பாதிகளையும் கையால் விரித்து, பெல்ட்டை அதன் அடிவரை அழுத்தி இறக்குங்கள். முன்னால் பெல்ட் தொளதொளவென்று தளரும். அந்த நிலையில் வெளிப் புல்லியைப் போட்டு, அது புஷ்ஷின் மேல் உட்கார்ந்துவிட்டதைக் கண்ணால் பார்த்து, கிராங்க் மரை நட்டுக்குள் போதிய அளவு வருகிறதா என்று பார்த்த பிறகே முடுக்குங்கள். புல்லியைப் பிடிக்க அதற்கென்று உள்ள ஹோல்டரைப் பயன்படுத்துங்கள்; விசிறி இறக்கைக்கு நடுவே ஸ்குரூடிரைவரைச் செருகினால் இறக்கை உடையும். காற்று கன் கழற்றுவதற்கு மட்டும். முடுக்குவது டார்க் ரெஞ்சில், கையேட்டின் எண்ணுக்கு. முடித்ததும் புல்லியைக் கையால் பல சுற்று சுற்றி, பெல்ட் மீண்டும் இறுகி நேராக ஓடுவதைப் பாருங்கள்.

புல்லி முகங்களை பிரேக் கிளீனரால் துடைத்து உலர விடுங்கள்; விரல் எண்ணெய்கூடப் படக் கூடாது. ரோலருக்கு கிரீஸ் வேண்டுமா என்பது மாடலைப் பொறுத்தது. கையேடு கேட்டால் அது சொல்லும் வகை, சொல்லும் அளவு. கேட்காவிட்டால் உலர்வாகவே இருக்கட்டும். பின் புல்லியின் உள்ளே உள்ள டார்க் டிரைவருக்கு கிரீஸ் உண்டு. அதன் ஆயில் சீல் போனால் கிரீஸ் பெல்ட்டில் தெறித்து வழுக்கும். கழற்றிய கையோடு சீலையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். பெல்ட் கேஸுக்கென்று தனி ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் சுத்தம் செய்யுங்கள். அழகுக்காக ஓட்டை போட்ட மூடி, திறந்த மூடி எதுவும் வேண்டாம். குளிர்காற்று செல்லும் பாதை கெட்டு, தூசியும் தண்ணீரும் பெல்ட்டுக்குப் போகும்.

சைலன்சர், ஃபில்டர்

வால் சைலன்சரை மட்டும் மாற்றினால் எடை குறையும், ஒலி மாறும். சக்தி என்று பெரிதாக எதுவும் வராது. மிதமான ஓட்டத்தில் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சாரைப் பார்த்து இசியு (என்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி) கலவையைச் சரிசெய்துகொள்ளும். முழு ஆக்சிலேட்டரில் பல வண்டிகளில் அது நிலையான அட்டவணைக்குப் போய்விடும். அப்போது காற்று கூடிய என்ஜின் பெட்ரோல் குறைவாக, சூடாக ஓடும். எனவே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டை நீக்கிய முழு எக்ஸாஸ்ட் போட்டால் இசியு டியூனிங்கும் சேர்ந்தே வர வேண்டும், இல்லாவிட்டால் தொடாதீர்கள். ஒலி, புகை விதிகளில் தேறாத சைலன்சர் பரிசோதனையிலும் காப்பீட்டிலும் தொல்லை தரும். ஏர் ஃபில்டரில் ஒரு விஷயம்: எண்ணெய்ப் பசை தடவிய காகித ஃபில்டரைக் கம்ப்ரெசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது. நேரம் வந்ததும் மாற்றத்தான் வேண்டும்.

மற்றவை

குட்டை விண்ட்ஸ்கிரீன் ஸ்போர்ட்டியாகத் தெரியும். ஆனால் காற்றின் கலங்கல் நேராக ஹெல்மெட்டில் அடித்தால் ஒரு மணி நேரத்தில் தலைவலி. முழுக்கக் குட்டையானது காற்றை மார்பில் விடும், முழுக்க உயரமானது தலைக்கு மேல் அனுப்பும். கஷ்டம் நடு உயரத்தில்தான். வாங்கும் முன் இருக்கும் ஸ்கிரீனில் அட்டையை டேப்பால் ஒட்டி மெதுவான வேகத்தில் உயரத்தைச் சோதித்துப் பார்க்கலாம். ஹேண்டில் பார் மாற்றினால் இடமும் வலமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். கேபிள் இழுபட்டு ஆர்பிஎம் ஏறினால் அந்த பார் அந்த கேபிளுக்கு ஆகாது. பின் பெட்டியில் கனம் ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி நெடுஞ்சாலை வேகத்தில் ஹேண்டில் நெளியும். கனமானவை சீட்டுக்கு அடியில் போகட்டும்.

கூடுதல் விளக்கை ரிலே, ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரியிலிருந்து இழுங்கள்; ஸ்மார்ட் கீ, ஏபிஎஸ் ஒயர்களில் ஒட்டுப் போடாதீர்கள். டிராக்கர், அலாரம் போன்றவை வண்டி நிற்கும்போதும் குடிக்கும். 20 மில்லி ஆம்பியர் என்பது ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய 3.4 ஆம்பியர் மணி. 8 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு வாரம் நின்றால் ஸ்டார்ட் ஆகாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பழைய வண்டி, அதுவும் ஏற்கெனவே மாற்றியது வாங்குவதாக இருந்தால், பெல்ட் கேஸ் போல்ட்டின் தலைகளைப் பாருங்கள். உருண்டு சிதைந்திருந்தால் சரியான கருவி இல்லாமல் பலமுறை திறக்கப்பட்டது. என்ஜின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 10-20 கி.மீ. வேகத்தில் கிளம்பும்போது உதறினால் கிளட்ச். ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் பெல்ட் அல்லது கிளட்ச் வழுக்கல். ஒரே வேகத்தில் போகும்போது முள் நடுங்கினால் ரோலர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறது. சென்டர் ஸ்டாண்டில் ஐடிலில் பின்சக்கரம் மெல்லச் சுற்றுவது இயல்பு, கையால் லேசாகப் பிடித்தால் நிற்க வேண்டும். வளைவில் பின்பக்கம் தனியாகத் திரும்புவது போலிருந்தால் என்ஜினைத் தாங்கும் புஷ்கள் போயிருக்கலாம். ஷாக் மாற்றினாலும் அது தீராது. கழற்றிய ஒரிஜினல் பாகங்களைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

வேரியேட்டரில் கை வைத்த பிறகு 500 கி.மீ. ஓடியதும் ஒரு முறை மூடியைத் திறங்கள். நட்டில் பெயின்ட்டால் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா, பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரிகிறதா, கேஸுக்குள் கறுப்புத் தூள் குவிந்திருக்கிறதா, கிளட்ச் பெல் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தூள் மெல்லிய படலமாக இருந்தால் சரி. கையில் அள்ளும் அளவுக்கு இருந்தால் கான்ட்ரா ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையாக்கி, புல்லிகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே மீண்டும் மூடுங்கள்.